ஈறு நார்க் கோட்பாடு: நிறையும் குறையும்

கிளிப் கழற்றிய பற்கள் பழைய இடத்தை நோக்கி ஏன் நகர்கின்றன என்ற கேள்விக்குப் பல்சீரமைப்புத் துறை அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு பதிலை முன்னிறுத்தி வருகிறது. பல்லைச் சுற்றியுள்ள ஈறு நார்கள் இழுத்துப் பிடித்த ரப்பரைப் போல விறைத்து நிற்கின்றன. கம்பியின் பிடி விட்டதும் அவை சுருங்கிப் பல்லைத் திரும்ப இழுக்கின்றன. மயிலாப்பூரிலோ தி.நகரிலோ அடையாறிலோ, ‘கிளிப்தான் கழட்டியாச்சே டாக்டர், இன்னும் எதுக்கு ரீடெய்னர்?’ என்று, பற்களைப் புதிய இடத்தில் பிடித்து வைக்கும் அந்தக் கருவியைப் பற்றிக் கேட்கும் பிள்ளைக்கும் அதன் பெற்றோருக்கும் எளிதில் கிடைக்கும் விளக்கம் இதுதான். கேட்டதும் புரிகிறது, மனத்தில் நிற்கிறது. ஒரு விளக்கத்துக்கு இவை நல்ல குணங்கள்தாம். ஆனால் ஒரு கோட்பாட்டை எடைபோட இவை போதா. அது எதை விளக்குகிறது, எவ்வளவு காலத்துக்கு விளக்குகிறது, அதற்கு மாறான சான்று வரும்போது எப்படி நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

கோட்பாட்டின் வேர் நார்வேயில் இருக்கிறது. கோரே ரெய்ட்டான் 1959இல் வெளியிட்ட ஆய்வில் நாய்களின் பற்களைச் சுழற்றி, வெவ்வேறு கால அளவுகளுக்கு அசையாமல் பிடித்து வைத்து, பிறகு திசுவை மெல்லிய சீவல்களாக்கி நுண்ணோக்கியில் பார்த்தார். வேரைச் சூழ்ந்து எலும்புக் குழிக்குள் இருக்கும் நார்கள் சில வாரங்களில் ஒழுங்குக்கு வந்தன. எலும்பின் விளிம்புக்கு மேலே ஈற்றுக்குள் ஓடும் நார்களோ 232 நாள் பிடித்து வைத்த பிறகும் சுழற்றிய திசையிலேயே சாய்ந்து கிடந்தன. பல்லைத் தாங்கும் திசு ஒரே வேகத்தில் மாறும் ஒரே பொருள் அல்ல, அதன் அடுக்குகளுக்குத் தனித்தனிக் காலக்கணக்கு உண்டு என்பதை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டியது இந்த ஆய்வு. அதன் பெரும் பேறு இது. இன்றும் பாடநூல்களில் எலும்புக் குழிக்குள் இருக்கும் நாருக்கு மூன்று நான்கு மாதம், ஈற்றின் கொலாஜன் நாருக்கு நான்கு முதல் ஆறு மாதம், ஈற்றின் மீள்தன்மை நாருக்கு ஓராண்டும் அதற்கு மேலும் என்று கணக்குச் சொல்லப்படுகிறது. அந்தச் சிந்தனை முறைக்கு வழி திறந்தவர் ரெய்ட்டான்.

குறை முறையியலில் இருக்கிறது. நுண்ணோக்கி நாரின் கிடப்பைக் காட்டும். அதில் இழுவிசை இருக்கிறதா என்று காட்டாது. உயிர் போன திசுச் சீவலில் சாய்ந்து தெரியும் நார், உயிருள்ள வாயில் பல்லை இழுத்துக்கொண்டிருந்தது என்பது ஊகம். நியாயமான ஊகம்தான், ஆனாலும் ஊகம். பின்வந்தவர்கள் அந்த ஊகத்தைக் கண்டறிந்த உண்மையாகவே எடுத்துக்கொண்டு மேலே கட்டினார்கள்.

ஊகத்தைச் சோதிக்கத் துணிந்தவர் அமெரிக்காவின் எட்வர்ட்ஸ். ஈற்றில் பச்சை குத்திய புள்ளிகளை அடையாளமாக வைத்து, பல் சுழலும்போது ஈறும் அதே திசையில் இழுபடுகிறது என்று 1968இல் காட்டினார். 1970இல் ஒரு சிறு அறுவை முறையை முன்வைத்தார்: மரத்துப்போகச் செய்து, மெல்லிய கத்தியைப் பல்லுக்கும் ஈற்றுக்கும் இடையில் எலும்பு விளிம்பைத் தாண்டி இறக்கி, பல்லைச் சுற்றிலும் அந்த நார்களை அறுத்துவிடுவது. நார்தான் காரணம் என்றால், நாரை அறுத்தால் பல் திரும்பக் கூடாது. சிகிச்சையே கோட்பாட்டுக்குச் சோதனையாக அமைந்த அழகான வடிவம் இது. இந்தத் துறையின் வரலாற்றில் இவ்வளவு நேரடியாகத் தன் கருதுகோளைப் பணயம் வைத்த ஆய்வு அதிகம் இல்லை.

1988இல் அவரே வெளியிட்ட நெடுங்காலத் தொகுப்பில் 320 நோயாளிகள். பாதிப் பேருக்கு நார் அறுவை செய்யப்பட்டது. பாதிப் பேருக்கு இல்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்த அந்தக் கணக்கில் அறுவை செய்தவர்களின் பற்கள் குறைவாகவே திரும்பின; ஈற்றுக்குக் குறிப்பிடத்தக்க கேடும் இல்லை. கோட்பாட்டுக்கு இது வெற்றி. அதே தாளில் அதன் எல்லையும் தெளிவாக எழுதியிருக்கிறது. மேல்வரிசை முன்பற்களில் பலன் கூடுதல், கீழ்வரிசையில் குறைவு. சுழன்ற பல்லில் பலன் கூடுதல், முன்னோ பின்னோ தள்ளி நின்ற பல்லில் குறைவு. அறுவை செய்தவர்களிடமும் பல் திரும்பாமல் போகவில்லை. 1970இல் சுழல் மீள்நகர்வை, அதாவது சுழற்றிய பல் பழைய இடத்துக்குத் திரும்புவதை, ஒழிக்கும் முறையாக அறிமுகமானது, 1988இல் தணிக்கும் முறையாகவே நின்றது. அதை ஒளிக்காமல் எழுதியது எட்வர்ட்ஸின் நேர்மை. அந்த எல்லைக்கோட்டை அழித்துவிட்டு எல்லாப் பல்லுக்கும் எல்லாக் காலத்துக்கும் ரப்பர் விளக்கத்தை நீட்டியது அவருக்குப் பின்வந்த கற்பித்தல்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கத்தி நாரை அறுப்பதோடு நின்றுவிடுவதில்லை, காயத்தை உண்டாக்குகிறது. காயம் ஆறும்போது புதுத் திசு புது இடத்தில் பிறக்கிறது. பலன் வந்தது விறைப்பு நீங்கியதாலா, புதுத் திசு உருவானதாலா என்பதைப் பிரித்துச் சொல்ல இந்த ஆய்வு வடிவத்துக்கு வழியில்லை.

1996இல் இஸ்ரேலைச் சேர்ந்த ரெட்லிக்கும் உடன் ஆய்வாளர்களும் செய்த வேலை இந்த வரிசையிலேயே மிகக் கறாரானது. ரெய்ட்டானைப் போலவே நாய், சுழற்றிய பல், ஆனால் இம்முறை மின்னணு நுண்ணோக்கி. விறைத்து நீண்ட நார்களைக் காண வேண்டிய இடத்தில் கிழிந்து, ஒழுங்கு குலைந்து, விலகிக் கிடந்த கொலாஜன் நார்களையே அவர்கள் கண்டார்கள். கிழிந்த நார் எதையும் இழுக்காது. அதே சமயம் மீள்தன்மை நார்களின் எண்ணிக்கை கூடியிருந்தது. எனவே பல்லைத் திருப்புவது நீட்டப்பட்ட தனி நார் அல்ல, நெருக்குண்ட ஈற்றுத் திசு முழுவதன் மீள்தன்மையாக இருக்கலாம் என்று அவர்கள் எழுதினார்கள். இதிலும் விசை அளக்கப்படவில்லை. ரெய்ட்டானிடம் கண்ட குறை இங்கும் தொடர்கிறது. ஆனால் பழைய படிமத்தைப் பழைய கருவியைவிடக் கூர்மையான கருவியால் பார்த்து, அது அப்படி இல்லை என்று சொன்ன துணிவு மதிக்கத்தக்கது. கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகள் ஆன பிறகும் ரப்பர் படிமம் அசையாமல் நிற்பதற்குச் சான்று காரணமில்லை, பழக்கமே காரணம்.

கோட்பாட்டின் உள்ளேயே ஒரு முரண் இருக்கிறது. அதற்கு ஆய்வகம்கூட வேண்டாம், தர்க்கம் போதும். உடலின் இணைப்புத் திசுக்களில் மிக வேகமாகப் புதுப்பிக்கப்படுவது பல்வேருக்கும் எலும்புக்கும் இடையில் உள்ள நாரிழையின் கொலாஜன். எலியில் அது நாள்கணக்கில் புதுப்பிக்கப்படுகிறது. ஈற்றின் கொலாஜன் அதைவிட மெதுவாக மாறினாலும் தோலைவிட வேகமானது. இப்படித் தன்னைத்தானே ஓயாமல் அழித்து நெய்துகொள்ளும் ஒரு பொருள் பத்தாண்டு பழைய இடத்தை எப்படி நினைவில் வைத்திருக்கும்? குறுகிய காலத்துக்கு முட்டுக்கொடுக்கக்கூடிய விளக்கத்தை, கல்யாணம் ஆகிப் பிள்ளை பெற்ற பிறகு கீழ்ப்பல் நெருக்கிக்கொண்டது என்று வருபவருக்கும் சொல்வது பொருந்தாது.

நாரிலிருந்து எலும்புக்கு வருவோம். நார்வேயிலிருந்தே அரை நூற்றாண்டு கழித்து இன்னொரு வாசிப்பு வந்தது. ஃபிரான்சன், புருட்விக், வாண்டெவ்ஸ்கா-ராடுனோவிச் மூவரின் 2013ஆம் ஆண்டுத் தாள். எலியின் கடைவாய்ப் பல்லைப் பத்து நாள் முன்னோக்கி நகர்த்தி, விசையை எடுத்துவிட்டு, மூன்று வாரம் வரை திசுவைத் தொடர்ந்து பார்த்தார்கள். நகர்ந்த தூரத்தில் பாதிக்கும் மேல் முதல் நாளிலேயே போய்விட்டது. மிச்சம் மெல்ல மெல்லக் கரைந்தது. பல் நகரும்போது அழுத்தப் பக்கத்தில் கூடியிருந்த, எலும்பைக் கரைக்கும் செல்கள் இப்போது எதிர்ப்பக்கத்தில் தோன்றின. அதாவது, நேற்று இழுவிசையின் விளைவாக எலும்பு புதிதாகப் படிந்த சுவரை இன்று கரைத்தன. புதிய எலும்பு முற்றாதது, சுண்ணச்சத்து முழுதாய் ஏறாதது, கரைவதும் எளிது. மீள்நகர்வு என்பது சிகிச்சைக்கு எதிரான வேறொரு சக்தியின் வேலை அல்ல. சிகிச்சையில் நடந்த அதே திசுமாற்றம் திசை மாறி நடப்பது. எந்தச் செல், எந்தப் பக்கம், எந்த நாள் என்று வரிசைப்படுத்திக் காட்டிய இந்தத் தாளின் துல்லியம் நார்க் கோட்பாட்டுக்கு ஒருநாளும் கிட்டவில்லை.

ஆயினும் இதை முழுதாய் ஏற்கவும் கூடாது. எலியின் கடைவாய்ப் பற்கள் இயல்பாகவே பின்னோக்கி நகர்ந்துகொண்டிருப்பவை. அவற்றை முன்னோக்கித் தள்ளிவிட்டுப் பின்னோக்கி வந்தன என்று அளக்கும்போது, வந்த தூரத்தில் எவ்வளவு மீள்நகர்வு, எவ்வளவு அந்த விலங்கின் பிறவி இயல்பு? மனித வாயில் நிலைமை நேர்மாறு. நம் பற்கள் முன்னோக்கி நகரும் போக்குடையவை. மேலும், பத்து நாள் நகர்த்தலையும் நம் பிள்ளைகள் ஒன்றரை, இரண்டு ஆண்டு போட்டிருக்கும் கிளிப்பையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. முதல் நாள் திரும்பல் எலும்புக்கு உரியதும் அல்ல. ஒரே நாளில் அவ்வளவு எலும்பு கரையாது. சுமார் கால் மில்லிமீட்டர் அகலமுள்ள நாரிழை இடைவெளிக்குள் பல் தன் நடுநிலைக்கு மீள்வதே அது என்பது என் வாசிப்பு. எனவே எலும்புக் கோட்பாடு நார்க் கோட்பாட்டை ஒழிக்கவில்லை. அதைக் குறுகிய கால அளவுக்குச் சுருக்கி, அதற்கு உரிய இடத்தில் வைத்தது.

ரிலாக்சின் என்ற ஹார்மோன் சோதனையை விரைவாகக் கடந்துவிடலாம். கொலாஜனைத் தளர்த்தும் அந்த ஹார்மோனை ஈற்றில் செலுத்தினால் மீள்நகர்வு குறையும் என்ற எதிர்பார்ப்பை 2012இல் வெளியான மனிதச் சோதனை பொய்யாக்கியது. ஹார்மோனுக்கும் வெற்று ஊசிக்கும் வேறுபாடு தெரியவில்லை. செலுத்திய அளவு போதுமா என்ற ஐயம் இருப்பதால் இதை நார்க் கோட்பாட்டுக்கு எதிரான தீர்ப்பாக நான் எடுக்கவில்லை.

நெடுங்காலக் கணக்கில் சியாட்டில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் தரவுக்கு இணை இல்லை. அங்கே லிட்டில் 1975இல் வகுத்த அளவுகோல் எளியது: கீழ்வரிசையின் முன்பற்கள் ஆறும் ஒன்றையொன்று தொடும் ஐந்து இடங்களின் விலகலைக் கூட்டுவது. கூட்டுத்தொகை மூன்றரை மில்லிமீட்டருக்குள் இருந்தால் ஏற்கத்தக்கது. முன்கடைவாய்ப் பற்கள் எடுத்துச் சீரமைத்த 65 பேரை, ரீடெய்னரை விட்டுப் பத்தாண்டுக்குப் பிறகு பார்த்தபோது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினரின் வரிசை கலைந்திருந்தது. 1988இல் 31 பேரை இருபதாம் ஆண்டில் பார்த்தபோது பத்தில் ஒருவருக்குத்தான் வரிசை நின்றது. எந்தச் சிகிச்சை முடிவில் அழகாக இருந்ததோ அதுவே நிலைக்கும் என்று முன்கூட்டிச் சொல்லவும் இயலவில்லை. துறையின் தன்னம்பிக்கையை உடைத்த ஆய்வுகள் இவை; செய்தவர்கள் தம் சொந்தத் துறையின் தோல்வியையே பதிவு செய்தார்கள். திரும்ப வந்து வாயைக் காட்டியவர்களை மட்டுமே அளக்க முடிந்தது என்ற குறை உண்டு. அதைவிடப் பெரிய கேள்வியை அதே குழு எழுப்பியது. சின்க்ளேரும் லிட்டிலும் 1983இல், கிளிப்பே போடாத, இயல்பாய் ஒழுங்கான பல்வரிசைகளைப் பார்த்தார்கள். இளமையிலிருந்து வயதுவந்த பருவத்துக்குள் அவையும் கீழே நெருக்கிக்கொண்டன.

அப்படியானால் இருபதாம் ஆண்டில் கலைந்த வரிசை முழுவதையும் மீள்நகர்வு என்று அழைப்பதே பிழை. அதில் ஒரு பங்கு வயது. தாடை இருபதில் வளர்ச்சியை முடித்துக்கொண்டு உறைந்துவிடுவதில்லை. உதடும் நாக்கும் தரும் மெல்லிய, ஓயாத அழுத்தமும் மாறிக்கொண்டேயிருக்கிறது. பல்லின் இடத்தை விசைகளின் சமநிலை தீர்மானிக்கிறது என்ற சமநிலைக் கோட்பாட்டை ப்ரோஃபிட் 1978இல் மறுபரிசீலித்தபோது, உதட்டு, நாக்கு அழுத்தங்கள் ஒன்றுக்கொன்று ஈடாவதில்லை, எஞ்சிய வித்தியாசத்தைப் பல்லைச் சூழ்ந்த திசுவே தாங்கிப் பல்லை நிறுத்துகிறது என்று வாதிட்டார். இதன் பொருளை நாம் போதிய அளவு கவனிக்கவில்லை. ஈறும் எலும்பும் பல்லைத் திருப்பும் குற்றவாளிகள் மட்டும் அல்ல. பல்லை நிலைநிறுத்தும் காவலும் அவையே. ஈற்று நோயால் எலும்பு கரைந்த வாயில், கிளிப் போட்டிருந்தாலும் போடாவிட்டாலும், முன்பற்கள் விசிறியாய் விரிவது இதனால்தான். நாற்பது வயதுக்கு மேல் அலைனர் போட்டுக்கொள்பவர்கள் ரீடெய்னரை எந்தக் கவனத்தோடு பார்க்கிறார்களோ அதே கவனத்தை ஈற்றுக்கும் தர வேண்டும். ‘ஞானப்பல் தள்ளுது’ என்ற குற்றச்சாட்டுக்கோ ஆதாரம் மெலிவு. நெருக்கத்தைத் தடுக்க மட்டும் ஞானப்பல்லை எடுப்பதற்கு நியாயம் இல்லை என்று பிரிட்டனில் நடந்த குலுக்கல் முறைச் சோதனை 1998இலேயே முடிவு சொல்லிவிட்டது.

நம் ஊருக்கு நேராகப் பொருந்தும் ஒரு பகுதி இந்த வரலாற்றில் ஓரமாகக் கிடக்கிறது. மேலும் கீழும் முன்பற்கள் துருத்திய முகத்துக்குச் சென்னையில் நான்கு முன்கடைவாய்ப் பற்களை எடுத்து முன்வரிசையைப் பின்னுக்கு இழுப்பது அன்றாடச் சிகிச்சை. இடைவெளி மூடும்போது அங்கிருந்த ஈறு கரைந்து போவதில்லை. இரு பற்களுக்கும் நடுவே நெருக்குண்டு மடிந்து நிற்கிறது. மடிப்பு ஆழமாக இருக்கும் இடத்தில் இடைவெளி மீண்டும் திறக்கலாம். அழுக்கு சேரவும் அதுவே வாசல். எட்வர்ட்ஸ் 1971இலேயே இதை எழுதி, மிகைத் திசுவை நீக்கச் சொன்னார். இருந்தும் ‘பல்லு எடுத்த எடத்துல மறுபடி கேப் விழுந்துடுச்சு’ என்று வருபவரிடமும் நார் விளக்கமே சொல்லப்படுமானால், அவருடைய வாயில் உண்மையில் நடப்பது கண்டுகொள்ளப்படாமலே போகும்.

கோட்பாட்டின் தரம் ரீடெய்னரைத் தேர்வதிலும் எதிரொலிக்கிறது. ஹாலி 1919இல் வடிவமைத்த தட்டு, ஷெரிடன் 1993இல் முன்வைத்த கண்ணாடி போன்ற மெல்லிய உறை, கீழ்ப்பல்லின் உட்புறம் ஒட்டும் கம்பி என மூன்றும் இங்கே வழக்கில் உள்ளன. நார் மட்டுமே எதிரி என்று நினைத்தால் ஓராண்டோ ஈராண்டோ கழித்து எதையும் கழற்றிவிடலாம். வயதும் பங்காளி என்று ஏற்றால் இரவுநேர ரீடெய்னருக்கு முடிவுத் தேதி சொல்ல முடியாது. ஒட்டுக்கம்பியை நம்பி நிம்மதியாய் இருப்பவருக்கு ஓர் எச்சரிக்கை: 2007இல் நெதர்லாந்திலிருந்து வந்த பதிவு, ஒட்டிய கம்பியே பல்லைத் திருகி, வேரை எலும்புக்கு வெளியே தள்ளி, ஈறு இறங்கிய நிகழ்வுகளைக் காட்டியது. பல் பழைய இடத்துக்குத் திரும்புவதல்ல இது, புதிய கேடு. கம்பி விடுபடாமல் இருக்கிறது என்பதே நலத்துக்குச் சான்றாகாது.

சான்றின் இன்றைய நிலை திருப்தி தரவில்லை. 2023இல் புதுப்பித்த, ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் மதிப்பாய்வு 47 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தும் எந்த ரீடெய்னர் மேல் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பெரும்பாலானவை குறுகிய காலத்தவை. இந்தக் குறையில் சென்னைக்கும் பங்கு உண்டு. 1953இல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி கோட்டை ரயில் நிலையத்தை அடுத்து இருக்கிறது. கிண்டியில் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம்; நகரைச் சுற்றிலும் தனியார் பல் மருத்துவக் கல்லூரிகள். ஆனால் பல் மருத்துவ முதுநிலைப் படிப்பான எம்.டி.எஸ். மூன்றாண்டு. மூன்றாண்டுக்குள் தொடங்கி, அளந்து, எழுதி, முடிக்க வேண்டிய ஆய்வேட்டால் முதல் ஆண்டின் மீள்நகர்வைத் தொடலாம். பத்தாம் ஆண்டைத் தொட முடியாது. மாணவரின் திறமை குறித்த குறை இல்லை இது. ஆய்வின் அமைப்பு போட்ட வேலி.

என் தீர்ப்பு இது. ஈறு நார்க் கோட்பாடு சுழற்றிய மேல்வரிசைப் பல்லுக்கு, சிகிச்சைக்குப் பிந்தைய முதல் சில ஆண்டுகளுக்கு, பயனுள்ள வழிகாட்டி. அந்த வட்டத்துக்குள் அதன் மதிப்பு குறையவில்லை. நார் அறுவை இன்னும் கூடுதலாகப் பயன்படத் தகுதியுள்ளது. தொடக்க வாரங்களின் திரும்பலுக்கு எலும்பும் நாரிழையும் சேர்ந்த திசுமாற்ற விளக்கமே வலுவானது. பத்தாண்டு, இருபதாண்டுக் கலைவுக்கு நார் விளக்கத்தைச் சொல்வது தவறு.

பல்சீரமைப்பு மருத்துவர்களுக்கும் கல்லூரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த பிளாஸ்டர் வார்ப்புகளைத் தூக்கி எறியாதீர்கள். 2000ஆம் ஆண்டை ஒட்டி மயிலாப்பூரிலும் அடையாறிலும் கிளிப் போட்ட பிள்ளைகள் இன்று நாற்பதை நெருங்குகிறார்கள். பலருடைய பெற்றோர் இன்னும் அதே தெருவில் இருக்கிறார்கள். மருத்துவமனைகளும் கல்லூரிகளும் சேர்ந்து அவர்களை அழைத்து, ஈற்றையும் எலும்பையும் பல்வரிசையையும் ஒரே அளவுகோலில் அளந்து, கிளிப் போடாத அதே வயதினரோடு ஒப்பிட்டால், தென்னிந்திய முகங்களுக்குரிய இருபதாண்டுத் தரவு கிடைக்கும். ஒரு மாணவரின் மூன்றாண்டில் முடியாததை, அடுத்தடுத்து வரும் நான்கு மாணவர்களுக்குப் பகிர்ந்து கொடுத்தால் முடிக்கலாம். வார்ப்புகள் உடைவதற்குள் தொடங்குங்கள்.